வீடு உங்கள் பெயரில், நிலம் யார் பெயரில்?

புனேயில் வேலை கிடைத்து வரும் தமிழ்ப் பிள்ளைகள், இரண்டொரு வருடம் வாடகைக்கு இருந்து கல்யாணமும் முடிந்த பிறகு என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, எந்த ஏரியாவில் பிளாட் வாங்கலாம்?" கராடி, வாகோலி, பாணேர், ராவேத் என்று ஒரு பட்டியலும் கையில் இருக்கும். சதுர அடி என்ன விலை, ஆபீஸுக்கு எவ்வளவு தூரம், மெட்ரோ பக்கத்தில் வருமா, குழந்தைக்கு நல்ல பள்ளிக்கூடம் உண்டா என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்கும் இரண்டு கேள்விகளுக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது. அந்தக் கட்டடம் நிற்கிற நிலம் இன்றைய தேதியில் யார் பெயரில் இருக்கிறது? அந்த வளாகத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து, கட்கியில் வாடகைக்குக் குடியிருந்து, பிறகு நகரத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள உந்த்ரியில் பிளாட் வாங்கி வந்தோம். கணவருக்கு ஹடப்சரில் வேலை. இப்போது எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு நான் செகரட்டரி. வங்கிக் கடன் எடுத்து வீடு வாங்குகிற ஒவ்வொருவரும் சாவி கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்ததாக நினைக்கிறார்கள். புறநகரில் சாவிக்குப் பிறகுதான் பாதி வேலை இருக்கிறது. அதைத் தனி ஆளாக யாராலும் செய்ய முடியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

ஊர் முந்தி, நகராட்சி பிந்தி

பழைய புனே என்பது முட்டா நதிக்கரையில் இருந்த பேட்டைகள். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து வந்த வெள்ளம் கரையோரப் பேட்டைகளைச் சூறையாடியது. வீடிழந்தவர்களைக் குடியமர்த்த கோகலேநகர், சஹகார்நகர் போன்ற இடங்களில் குடியிருப்புகள் எழுந்தன. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கங்கள் பல இன்றும் இருக்கின்றன. அன்றைக்கு ஊருக்கு வெளியே இருந்த அந்த இடங்கள் இன்று நடுநகரம்.

அதற்குப் பிறகு தொழிற்சாலைகள் பிம்ப்ரி–சிஞ்ச்வட் பக்கம் நகரத்தை இழுத்தன. 1982-இல் அங்கே தனி மாநகராட்சியே வந்துவிட்டது. ஹிஞ்சவடியில் ஐ.டி. பூங்கா வந்ததும் மேற்குப் பக்கமும், கராடியிலும் ஹடப்சரிலும் அலுவலகங்கள் எழுந்ததும் கிழக்குப் பக்கமும் பெருத்தன. ஒவ்வொரு முறையும் வரிசை ஒன்றுதான். முதலில் விவசாய நிலம் கைமாறும். பிறகு பத்து மாடிக் கட்டடம் எழும்பும். ஜனங்கள் குடிவருவார்கள். அதன் பிறகுதான் சாலையும் சாக்கடையும் குடிநீர்க் குழாயும்.

உந்த்ரி 2017 அக்டோபரில் புனே மாநகராட்சியோடு சேர்ந்த 11 கிராமப் பகுதிகளில் ஒன்று. 2021 ஜூன் மாதக் கடைசியில் வாகோலி, பிசோளி, சூஸ், நாந்தேட், கிர்கட்வாடி உட்பட இன்னும் 23 கிராமங்கள் சேர்ந்தன. பரப்பளவில் மும்பையையும் மிஞ்சி மாநிலத்தின் மிகப் பெரிய மாநகராட்சியாகப் புனே ஆனது அப்போதுதான்.

வீடு வாங்குகிறவருக்கு இந்தத் தேதிகள் மிக முக்கியம். ஒரு கட்டடம் எந்த ஆண்டில் எழுந்தது என்பதைப் பொறுத்து, அதன் வரைபடத்துக்கு யார் ஒப்புதல் தந்திருக்க வேண்டும் என்பது மாறும். மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த நிலத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். 2015-இல் புனே பெருநகர வளர்ச்சி ஆணையமான பி.எம்.ஆர்.டி.ஏ. அமைந்த பிறகு அதன் அனுமதி வேண்டும். கிராமம் நகரத்தோடு சேர்ந்த பிறகு பொதுவாக மாநகராட்சியின் அனுமதி. "கிராமப் பஞ்சாயத்து அனுமதி இருக்கிறது" என்று சொல்லி மாடிக் கட்டடத்தை விற்க வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கையெழுத்து போதாது.

இதே ஓரங்களில் குண்டா கணக்கில் மனை விற்கிறவர்களும் உண்டு. ஒரு குண்டா 1,089 சதுர அடி, நம் ஊர்க் கணக்கில் இரண்டரை சென்ட். நாற்பது குண்டா சேர்ந்தால் ஒரு ஏக்கர். விவசாய நிலத்தை இப்படித் துண்டு துண்டாக விற்பதைத் தடுக்க 1947-இலேயே இங்கே சட்டம் வந்தது. மீறி எழுந்த குடியிருப்புகளை முறைப்படுத்த 2001-இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு இது பரவியிருந்தது. ஒன்றிரண்டு குண்டாவை நாலைந்து பேர் கூட்டாகப் பத்திரம் போட்டு வாங்கச் சொன்னால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது

சென்னையிலோ கோவையிலோ பிளாட் வாங்கும்போது, நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் என்று இத்தனை சதுர அடி நம் பெயருக்குப் பத்திரமாகிறது. யு.டி.எஸ். எவ்வளவு என்று கேட்காமல் அங்கே யாரும் வாங்குவதில்லை. அந்தப் பழக்கத்தோடு புனேக்கு வருகிறவர்கள் இங்கேயும் அதைக் கேட்கிறார்கள். விற்பனை அலுவலகத்தில் இருக்கும் பையனுக்கு அவர்கள் கேட்பது புரிவதில்லை.

மகாராஷ்டிரத்தில் பெரும்பாலான வளாகங்கள் நடப்பது வேறு ஏற்பாட்டில். பில்டரோடு நாம் பதிவு செய்யும் ஒப்பந்தம் நமக்குப் பிளாட்டைத் தருகிறது. குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தைப் பதிவு செய்கிறார்கள். இதைத்தான் எல்லோரும் சொசைட்டி என்கிறோம். நாம் அதில் உறுப்பினர் ஆகிறோம். 50 ரூபாய் முகமதிப்புள்ள பங்குகளுக்கு ஒரு ஷேர் சர்டிபிகேட் தருகிறார்கள். அதன் பிறகு பில்டரும் நில உரிமையாளரும் நிலத்தையும் கட்டடத்தையும் அந்தச் சொசைட்டியின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் பத்திரத்தின் பெயர் கன்வேயன்ஸ். 1963-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர பிளாட் உரிமைச் சட்டப்படி, சொசைட்டி பதிவான நான்கு மாதத்துக்குள் இது நடக்க வேண்டும்.

1970-ஆம் ஆண்டின் அபார்ட்மெண்ட் உரிமைச் சட்டம் என்று இன்னொரு வழியும் உண்டு. அதில் நம் ஊரைப்போல ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு வரும். புனேயில் இரண்டு வகையும் இருப்பதால், பழைய பிளாட் பார்க்கப் போகும்போது "சொசைட்டியா, அபார்ட்மெண்டா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சொசைட்டி என்றால் அடுத்த கேள்வி, "கன்வேயன்ஸ் ஆகிவிட்டதா?" பல வளாகங்களில் ஆகியிருக்காது. இருபது வருடமாகக் குடியிருப்பார்கள், வரி கட்டுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். நிலப் பதிவேட்டில் மட்டும் பழைய விவசாயியின் பெயரோ பில்டரின் பெயரோ அப்படியே இருக்கும்.

பில்டர் ஏன் எழுதித் தருவதில்லை? ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே அந்தக் கணக்கு. அரசு காலத்துக்குக் காலம் இதைக் கூட்டுகிறது. 2020 டிசம்பரில் மும்பை நீங்கலாக மாநிலத்தின் பெரும்பகுதிக்கும் பொதுவான கட்டட விதிகள் வந்தபோதும் பல இடங்களில் இது கூடியது. நிலம் தன் பெயரில் இருக்கிறவரை, கூடுதலாகக் கட்டும் வாய்ப்பைப் பில்டர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். "கடைசி கட்டம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நாளைக்குக் கட்டடம் பழுதாகி இடித்துக் கட்டும் நிலை வரும்போது, நிலம் சொசைட்டியின் பெயரில் இல்லாவிட்டால் பேரம் பேசும் பலம் நமக்கு இருக்காது. கோத்ரூட்டிலும் சஹகார்நகரிலும் முப்பது நாற்பது வருடக் கட்டடங்கள் இப்போது மறுகட்டுமானத்துக்குப் போகின்றன. நிலப் பத்திரத்தைச் சரியாக வைத்திருக்கும் சொசைட்டிகள் தலைநிமிர்ந்து நிபந்தனை போடுகின்றன.

ஹள்தி-குங்குவில் சேர்ந்த காகிதங்கள்

எங்கள் சொசைட்டிக்கும் பில்டர் கன்வேயன்ஸ் செய்து தரவில்லை. கூட்டம் கூடும்போதெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கலைவோம். அப்போது கமிட்டியில் ஒரு பெரியவர் இருந்தார். நிலப் பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் காகா என்போம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "வஹினி (அண்ணி), திட்டினால் நிலம் வராது. எல்லார் வீட்டு இண்டெக்ஸ் டூவையும் சேருங்கள். வழி இருக்கிறது" என்றார்.

அவர் சொன்ன வழி 2008-இல் பிளாட் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட திருத்தம். பில்டர் எழுதித் தராவிட்டால், சொசைட்டி நேராகக் கூட்டுறவுத் துறையின் மாவட்டத் துணைப் பதிவாளரிடம் மனுச் செய்யலாம். அவர் பில்டருக்கும் நில உரிமையாளருக்கும் நோட்டீஸ் அனுப்பி, இரு தரப்பையும் விசாரிப்பார். ஆவணங்கள் சரியாக இருந்தால், பில்டர் எழுதிக் கொடுத்ததற்குச் சமமாகவே கருதி உத்தரவும் சான்றும் தருவார். இதற்கு டீம்டு கன்வேயன்ஸ் என்று பெயர். மராத்தியில் மானீவ் அபிஹஸ்தாந்தரண் என்று அலுவலகப் பலகையில் எழுதியிருக்கும். பில்டர் கையெழுத்துப் போட மறுத்தாலும், ஊரிலேயே இல்லாவிட்டாலும், இந்த வழி அடைபடாது.

இண்டெக்ஸ் டூ என்பது ஒவ்வொரு பத்திரப் பதிவுக்கும் சார்பதிவாளர் அலுவலகம் தரும் ஒரு பக்கச் சுருக்கம். யார் விற்றார், யார் வாங்கினார், எவ்வளவு பரப்பு, எவ்வளவு விலை, எப்போது பதிவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதை வாங்க வேண்டியிருந்தது. சிலர் வெளிநாட்டில் இருந்தார்கள். சில வீடுகளில் வாடகைக்காரர்கள்தான். சிலருக்கு அது எதற்கு என்றே புரியவில்லை, கொடுக்கப் பயந்தார்கள்.

சங்கராந்தி வந்தது. மராத்தி வீடுகளில் அதன் பிறகு ரத சப்தமி வரைக்கும் பெண்கள் ஒருவரையொருவர் ஹள்தி-குங்குவுக்கு அழைப்பார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளும் வெல்லமும் கொடுத்து, சின்னதாய் ஒரு பரிசும் தருவார்கள். அந்த வருடம் நான் போன எல்லா வீட்டிலும் இண்டெக்ஸ் டூ பற்றியே பேசினேன். கீழ்வீட்டு அம்மா, நாங்கள் காகூ என்று கூப்பிடுகிறவர், என்னோடு சேர்ந்துகொண்டார். அறையில் இருபது பெண்கள் இருந்தால் இருபது வீட்டுக்கும் செய்தி போய்விடும். கமிட்டி ஆண்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிப் பார்த்தும் அசையாத காகிதங்கள் அந்த மாதம் ஒவ்வொன்றாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அதோடு சொசைட்டியின் பதிவுச் சான்று, ஒப்புதல் பெற்ற வரைபடம், குடியேறலாம் என்று மாநகராட்சி தரும் பூர்த்திச் சான்று, நில ஆவணங்கள், பில்டருக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் எல்லாம் சேர்த்து மனுப் போட்டோம். விசாரணை நடந்தது, உத்தரவு வந்தது. முத்திரைத்தாள் மதிப்பீடு முடித்து, சார்பதிவாளரிடம் பதிவு செய்து, கடைசியாகக் கிராம நிலப் பதிவேட்டில் பெயர் மாற்றம் ஆனது. இங்கே அந்தப் பதிவேட்டைச் சாத்-பாரா என்பார்கள். கிராமப் படிவம் 7-உம் 12-உம் சேர்ந்த தாள் அது. உரிமை யாருடையது என்பதை 7 சொல்லும், என்ன பயிர் என்பதை 12 சொல்லும். நம் பட்டா, அடங்கல் இரண்டும் சேர்ந்தாற்போல. எங்கள் சொசைட்டியின் பெயர் அதில் ஏறிய நாளன்று காகா அந்தத் தாளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பிளாட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றைக்கு இருந்ததைவிட எனக்கு அன்று சந்தோஷம் அதிகம்.

தண்ணீர்க் கணக்கு

இனி இரண்டாவது கேள்வி. புனேக்குக் குடிநீரில் பெரும்பங்கைத் தருபவை கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், தேம்கர் ஆகிய நான்கு அணைகள். நான்கும் நிறைந்தால் ஏறக்குறைய 29 டி.எம்.சி. நகரம் மட்டுமல்ல, கிழக்கே உள்ள விவசாயமும் இதை நம்பியிருக்கிறது. பக்கத்துப் பிம்ப்ரி–சிஞ்ச்வட் பவனா அணையை நம்பியிருக்கிறது. அங்கே 2019 நவம்பரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.

நகரத்தோடு புதிதாகச் சேர்ந்த கிராமங்களுக்குக் குழாய் போய்ச் சேரக் காலமாகிறது. அதுவரை ஆழ்துளைக் கிணறும் டேங்கரும்தான். உந்த்ரி, பிசோளி, வாகோலி சாலைகளில் காலை வேளையில் நின்று பாருங்கள், டேங்கர்கள் வரிசையாகப் போகும். இதன் செலவை வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடலாம். ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. 100 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 54,000 லிட்டர். 10,000 லிட்டர் டேங்கர் ஐந்து ஆறு வேண்டும். ஒரு டேங்கர் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழுக்க டேங்கரை நம்பும் மாதத்தில் 2,43,000 ரூபாய். ஒரு வீட்டுக்கு 2,430 ரூபாய். மெயின்டனன்ஸ் கட்டணத்துக்கு மேல் இது தனி. வங்கிக் கடன் தவணையைக் கணக்கிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

காசு மட்டும் விஷயமில்லை. 2025 ஜனவரியில் சிம்மகட் சாலைப் பக்கம் நரம்பைத் தாக்கும் ஜி.பி.எஸ். நோய் பரவியதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. நாந்தேட், கிர்கட்வாடி, தாயரி போன்ற, நகரத்தோடு சமீபத்தில் சேர்ந்த பகுதிகளில்தான் அது குவிந்திருந்தது. அங்கே பல வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது சுத்திகரிப்பு நிலையத்தைக் கடக்காமல், குளோரின் மட்டும் கலந்து வந்த கிணற்றுத் தண்ணீர். புறநகரில் வீடு வாங்குகிறவர் தண்ணீர் வருகிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த நிலையத்தில் சுத்தமாகி வருகிறது என்றும் கேட்க வேண்டும். டேங்கர் தண்ணீர் எந்த இடத்தில் நிரப்பப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். எங்கள் சொசைட்டியில் தண்ணீரை அவ்வப்போது ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிறோம்.

இப்படிப்பட்ட பகுதிகளில், மாநகராட்சிக் குழாய் வரும்வரை என் செலவில் தண்ணீர் தருவேன் என்று அனுமதி வாங்கும்போது பில்டர்கள் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இதை ஹமிபத்ர என்பார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் சேகரிப்பும் இங்கே 500 சதுர மீட்டர் முதல் உள்ள மனைகளுக்குக் கட்டாயம். தமிழ்நாட்டில் 2003-இல் வீடுதோறும் அந்தத் தொட்டிகள் கட்டியதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். வளாகத்தில் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் இல்லாத கவலை ஒரு பக்கம், வெள்ளத்தின் கவலை மறுபக்கம். 2019 செப்டம்பர் 25 இரவு காத்ரஜ் பக்கமிருந்து வரும் ஆம்பில் ஓடை பெருகி, சஹகார்நகர் சுற்றுவட்டாரத்தில் வளாகச் சுவர்களை உடைத்துக்கொண்டு ஓடியது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 25 அன்று கடக்வாஸ்லாவிலிருந்து திறந்துவிட்ட நீர் சிம்மகட் சாலை ஏக்தாநகரியில் வீடுகளுக்குள் புகுந்தது. நதியோரத்தில் நீர்வளத் துறை இரண்டு கோடுகள் குறித்து வைத்திருக்கிறது. 25 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்கு நீலக்கோடு, 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதற்குச் சிவப்புக்கோடு. நதி தெரிகிற பால்கனி என்று ஆசைப்படுமுன் அந்த வளாகம் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். சிறு ஓடைகளுக்கு ஊர்க்காரர்கள்தான் சாட்சி. பழைய குடியிருப்பில் டீக்கடையில் உட்கார்ந்து, மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கையெழுத்துக்கு முன்

புதுக் கட்டடம் என்றால், மகாரெரா எனப்படும் மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் தரும் எண்ணிலிருந்து தொடங்குங்கள். 2017 மே 1 முதல் மகாராஷ்டிரத்தில் இந்த ஆணையம் இயங்குகிறது. 2023 ஆகஸ்ட் முதல் விளம்பரத்தில் கியூ.ஆர். குறியீடும் இருக்க வேண்டும். அதைப் போனில் காட்டினால் திட்டத்தின் முடிவுத் தேதி, வழக்குகள், அனுமதிகள் எல்லாம் தெரியும். முடிவுத் தேதியை எத்தனை தடவை தள்ளியிருக்கிறார்கள் என்பதை மட்டுமாவது பாருங்கள்.

ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். கட்டடத்தின் அமைப்பில் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுவரை அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். விலை பேசுவது கார்பெட் பரப்பில் மட்டுமே. பால்கனியும் வெளிச்சுவரும் அதில் சேராது. திறந்தவெளிப் பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது. பாதிக்கு மேற்பட்ட வீடுகள் புக் ஆனதும் மூன்று மாதத்துக்குள் சொசைட்டி பதிவுக்கு ஏற்பாடு செய்வதும் பில்டரின் கடமை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சி எல்லைக்குள் முத்திரைத் தீர்வை, உள்ளாட்சி வரி, மெட்ரோ வரி எல்லாம் சேர்த்து 7 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 4,20,000 ரூபாய். வாங்குகிறவர் பெண்ணாக மட்டும் இருந்தால் 1 சதவீதம் குறையும், 60,000 ரூபாய் மிச்சம். கணவன் பெயரையும் சேர்த்தால் இந்தச் சலுகை கிடைக்காது. பதிவுக் கட்டணம் 30,000 ரூபாய். கட்டி முடியாத வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 3 லட்சம். பூர்த்திச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை நாமே பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும்.

பழைய பிளாட் என்றால் வேறு பட்டியல். நம் ஊர் வில்லங்கச் சான்று இங்கே அதே வடிவில் இல்லை. வக்கீல் 30 வருடப் பதிவேடுகளைத் தேடி சர்ச் ரிப்போர்ட் தருவார். விற்பவரின் ஷேர் சர்டிபிகேட், இண்டெக்ஸ் டூ, சொசைட்டியிடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம், பூர்த்திச் சான்று, கன்வேயன்ஸ் பத்திரம் ஐந்தையும் கண்ணால் பாருங்கள். பெயர் மாற்றத்துக்குச் சொசைட்டி 25,000 ரூபாய்க்கு மேல் பிரீமியம் வாங்க முடியாது. "கட்டட நிதிக்கு நன்கொடை" என்று அதற்கு மேல் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதோடு கடந்த இரண்டு வருட ஆண்டுக் கூட்டத் தீர்மானங்களையும் வாங்கிப் படியுங்கள். அந்த வளாகத்தில் லிஃப்ட் எத்தனை தடவை பழுதானது, யார் யார் மெயின்டனன்ஸ் பாக்கி, தண்ணீருக்கு என்ன சண்டை என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த ஏஜெண்டும் சொல்லாதது அது.

சேர்ந்தவர்களின் ஊர்

எங்கள் வீட்டிலிருந்து ஹடப்சர் பக்கம் போனால் மகர்பட்டா சிட்டி வரும். ஏறக்குறைய 120 விவசாயக் குடும்பங்கள் தங்கள் 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் துண்டு துண்டாக விற்காமல், ஒரே கம்பெனியாகச் சேர்ந்து கட்டிய நகரம் அது. நிலத்தின் அளவுக்கு ஏற்பக் கம்பெனியில் பங்கு. சதீஷ் மகர் முன்னின்று நடத்தினார். வீடுகளும் ஐ.டி. அலுவலகங்களும் பள்ளியும் தோட்டமும் அந்த மண்ணிலேயே எழுந்தன. நிலத்தை விற்றுவிட்டுக் காணாமல் போன விவசாயிகளின் கதை புனே ஓரமெங்கும் உண்டு. இங்கே அவர்கள் உரிமையாளர்களாகவே இருந்துகொண்டார்கள். அவர்கள் சேர்ந்ததால் வந்தது அது.

விற்கிறவர்கள் சேர்ந்து இவ்வளவு செய்ய முடியுமென்றால், வாங்குகிறவர்களாலும் முடியும். எங்கள் வளாகத்தில் மராத்தி, தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளி எல்லோரும் இருக்கிறோம். கணபதி வைக்கும் நாட்களில் ஆரத்திக்கு எல்லா வீட்டுத் தட்டும் வரும். நவராத்திரியில் என் வீட்டுக் கொலுவுக்குக் காகூ சுண்டலின் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போவார். கோஜாகிரிப் பௌர்ணமி இரவில் மொட்டை மாடியில் பால் காய்ச்சிக் குடிப்போம். இந்தப் பழக்கம் இருப்பதால்தான் டேங்கர் தட்டுப்பாடு வருகிற கோடையில், யார் வீட்டுக்கு எவ்வளவு என்று அடித்துக்கொள்ளாமல் நேரம் வைத்துப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. மராத்தி நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொள்ளுங்கள் என்று புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் சொல்வதும் இதற்காகத்தான். சொசைட்டிக் கூட்டம் மராத்தியிலும் இந்தியிலும் நடக்கும். வாய் திறந்து பேசாதவரின் பங்கு கணக்கில் மட்டும்தான் இருக்கும்.

ஒவ்வொரு சொசைட்டியும் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுக் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைப்பார்கள். பாதி நாற்காலி காலியாக இருக்கும். வீட்டுக்காக இருபது வருடக் கடன் எடுத்தவர், அந்த வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு வராமல் இருப்பது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது. நீங்கள் போங்கள். முதல் வரிசையில் உட்காருங்கள். கன்வேயன்ஸ் எந்த நிலையில் இருக்கிறது, தண்ணீர்ப் பரிசோதனை எப்போது நடந்தது என்ற இரண்டையும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால், அதைச் செய்யும் கமிட்டியில் உங்கள் பெயரைக் கொடுங்கள்.